ஜெர்மனியின் ஃபிஸ்ட்பால் வீரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை உலக சாம்பியன் ஆகிவிட்டு, லீவு முடிந்த மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போய் உட்கார்வார் ஒருவர். பக்கத்து மேசைக்காரருக்கு விஷயமே தெரிந்திருக்காது. ஜெர்மனியில் ஃபிஸ்ட்பால் ஆடுபவரின் நிலை கிட்டத்தட்ட இதுதான். இந்த விளையாட்டைப் பற்றியும், அதில் ஒருவர் சின்ன வயதில் நுழைந்து தேசிய அணி வரைக்கும் போகும் வழியைப் பற்றியும் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஃபிஸ்ட்பால் என்றால் என்ன? வாலிபாலின் தம்பியா?

அண்ணன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜெர்மன் மொழியில் இதற்கு ஃபவுஸ்ட்பால் என்று பெயர். ‘ஃபவுஸ்ட்’ என்றால் முஷ்டி. மடக்கிய முஷ்டியாலோ கையாலோ பந்தை அடிக்க வேண்டும். விரித்த உள்ளங்கை பட்டால் தவறு.

பார்த்தவுடன் வாலிபால் மாதிரி தெரியும். மூன்று முறைக்குள் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும், நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை. இங்கே வலை கிடையாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு நாடா மட்டும் கட்டியிருப்பார்கள். ஆண்களுக்கு அது 2 மீட்டர் உயரத்தில், பெண்களுக்கு 1.90 மீட்டர் உயரத்தில் இருக்கும். பந்து அதற்கு மேலே போக வேண்டும். கீழே புகுந்தாலும் புள்ளி போச்சு, நாடாவை உரசினாலும் போச்சு.

பெரிய வித்தியாசம், பந்து தரையில் விழலாம் என்பது. ஒவ்வொரு தொடுகைக்கு முன்னாலும் ஒரு தடவை குதிக்க அனுமதி உண்டு. ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை தொடக் கூடாது. மூன்று தொடுகை என்றால் மூன்று பேர்.

மைதானம் எவ்வளவு பெரியது?

வெளியில் ஆடும்போது 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஒரு அணிக்கு ஐந்து பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 500 சதுர மீட்டர், ஆளுக்கு 100 சதுர மீட்டர் காவல். வாலிபாலில் ஒரு பக்கம் 81 சதுர மீட்டர், அதைக் காக்க ஆறு பேர். ஃபிஸ்ட்பாலில் பின்னால் நிற்பவர்கள் ஏன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இதிலேயே புரிந்துவிடும். கோட்டுக்கு வெளியேயும் ஓடுவார்கள். எதிரணி அடித்த பந்து முதலில் ஆடுகளத்துக்குள் விழ வேண்டும். ஆனால் அதைத் தடுத்தபின் பந்து கோட்டைத் தாண்டிப் போய் வெளியே குதித்தாலும் ஆட்டம் தொடரும். அதற்காகவே பின்புறம் 8 மீட்டர் காலி இடம் விடுகிறார்கள்.

புள்ளிக் கணக்கு எப்படி?

11 புள்ளி எடுத்தால் ஒரு செட். இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், ஆனால் 15க்கு மேல் போகாது. 14–14 என்று வந்துவிட்டால் அடுத்த புள்ளி யாருக்கோ செட் அவர்களுக்கு. உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் நான்கு செட் ஜெயிக்க வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும் விதி ஒன்று உண்டு: புள்ளியை இழந்த அணிதான் அடுத்த சர்வீஸ் போடும். இந்த விளையாட்டில் சர்வீஸ் அவ்வளவு பெரிய ஆயுதம். ஜெயித்தவரே திரும்பத் திரும்பப் போட்டால் ஆட்டம் ஒருதலையாக முடிந்துவிடும். என்னைக் கேட்டால், ஃபிஸ்ட்பாலின் ஆக அழகான விதி இதுதான்.

ஐந்து பேரில் யாருக்கு என்ன வேலை?

பொதுவாக முன்னால் இரண்டு அடிப்பவர்கள், நடுவில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு செட்டர், பின்னால் இரண்டு தடுப்பாளர்கள். ஒரு புள்ளி எப்படிப் போகும் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம்.

சர்வீஸ் போடுபவர் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டுக்குப் பின்னால் வந்து, பந்தைப் புல்லில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். எதிரே பின்வரிசையில் இருப்பவர் முழங்காலை மடக்கி, அவர் தோளையே பார்க்கிறார். பந்து மேலே போகிறது, அடிப்பவர் எம்பிக் குதிக்கிறார், கை கீழ்நோக்கி வீசுகிறது. அந்தக் கணத்தில் தடுப்பாளருக்கு இரண்டு சாத்தியங்கள்: பந்து கடைசிக் கோட்டுப் பக்கம் நீளமாக வரலாம், இல்லை நாடாவைத் தாண்டியவுடன் சடாரென்று கீழே இறங்கலாம். நீளம் என்று நினைத்து ஒரு அடி பின்வாங்கியிருந்தால் தொலைந்தார். குட்டையான பந்தைப் பிடிக்க வயிற்றால் சறுக்கிக்கொண்டு வர வேண்டும். சறுக்குகிறார். நீட்டிய கையின் மணிக்கட்டுக்கு மேலே பட்டு, பந்து மேலே எழும்புகிறது. அது விழுந்து குதிப்பதற்குள் செட்டர் அடியில் போய் நிற்கிறார். நாடாவுக்குப் பக்கத்தில் செங்குத்தாகத் தூக்கி வைக்கிறார். அடிப்பவர் ஓடி வருகிறார். அடி!

ஆட்டம் முடிந்தபின் யார் தடுப்பாளர் என்று கேட்கவே வேண்டாம். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை பச்சைக் கறை யாருக்கு இருக்கிறதோ, அவர்தான்.

பந்து எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட வாலிபால் அளவுதான், ஆனால் கனம் அதிகம். ஆண்கள் ஆடுவது 350 முதல் 380 கிராம். மழைக்கென்று தனிப் பந்து உண்டு. தோல் பந்து ஈரம் குடித்துக் கனத்துப் போவதால், அதற்குப் பதில் நீர் ஏறாத மேற்பரப்புள்ள பந்தை எடுப்பார்கள். மழை வந்தால் ஆட்டம் நிற்பதில்லை, பந்துதான் மாறும்.

ஒருவர் எந்த வயதில், எப்படி இதற்குள் வருகிறார்?

பள்ளிக்கூடத்தின் மூலம் வருபவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஊர் கிளப் மூலமாகத்தான் வருகிறார்கள். அம்மா ஆடினார், அப்பா ஆடினார், அண்ணன் பயிற்சிக்குப் போகும்போது தானும் கூடப் போனேன்: எந்த ஜெர்மன் வீரரைக் கேட்டாலும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே போட்டிகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு மைதானமும் சிறியது, நாடாவும் தாழ்வு, பந்தும் லேசு. அப்புறம் 12, 14, 16, 18 என்று வயதுப் பிரிவுகள் ஏறிக்கொண்டே போகும்.

கிளப் பெயர்களைப் பார்த்தாலே இந்த விளையாட்டின் பூர்வீகம் தெரிந்துவிடும். டிவி, டிஎஸ்வி என்று தொடங்கும் பெயர்களில் உள்ள ‘டி’ என்பது ‘டுர்ன்’, அதாவது ஜிம்னாஸ்டிக்ஸ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யான் என்பவர் ஜெர்மனியில் உடற்பயிற்சியை ஒரு மக்கள் இயக்கமாகவே ஆக்கினார். ஊருக்கு ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் கழகங்கள் முளைத்தன. அவர் பெயரை இன்றும் சுமக்கும் கிளப்புகளில் ஒன்று டிவி யான் ஷ்னேவர்டிங்கன். பெண்கள் ஃபிஸ்ட்பாலில் பெரிய பெயர். பயிற்சிக்கு நடுவே பொழுதுபோக்காக ஆடப்பட்ட பந்தாட்டத்துக்கு 1890களில் ம்யூனிக்கைச் சேர்ந்த கேயோர்க் ஹைன்ரிஷ் வேபர் ஒழுங்கான வடிவம் கொடுத்தார். டிஎஸ்வி ஹாகன் 1860 என்பது போன்ற பெயர்களில் பின்னால் வரும் எண், கிளப் தொடங்கிய ஆண்டு. அதாவது பல கிளப்புகளுக்கு வயது இந்த விளையாட்டை விடவும் அதிகம்.

பெரிய நகரத்து அணிகளைவிடச் சிற்றூர்ப் பெயர்களே ஏன் அதிகம் காதில் விழுகின்றன?

பெர்லின், மன்ஹைம் போன்ற நகரங்களிலும் அணிகள் உண்டு. மன்ஹைமின் கேஃபர்டால் பகுதி இதில் நன்றாகத் தெரிந்த இடம். ஆனால் வடக்கே ஓல்டன்பர்க் பக்கம் பிரெட்டோர்ஃப், ஆல்ஹோர்ன், தெற்கே கறுப்புக் காட்டுப் பகுதியில் டென்னாஹ், கால்ஃப், ஹெஸ்ஸன் மாநிலத்தில் டார்ம்ஷ்டாட்டுக்குப் பக்கத்தில் ஃபுங்ஷ்டாட் என்று கேட்கும்போது, ஜெர்மானியர்களே மேப்பைத் திறந்து தேடுவார்கள்.

பெரிய ஊரில் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து என்று பிள்ளைகளை இழுக்க ஆயிரம் இருக்கிறது. சிற்றூரில் கிளப் ஒன்றுதான். அங்கே மூன்று தலைமுறையாக ஃபிஸ்ட்பால் நடந்தால், பிள்ளையும் ஃபிஸ்ட்பால்தான் ஆடும். சில நூறு வீடுகள் உள்ள ஊர் தேசிய சாம்பியன்ஷிப் மேடையில் ஏறுவதன் ரகசியம் இவ்வளவே.

புண்டஸ்லீகா என்பது கால்பந்துக்கு மட்டும் இல்லையா?

இல்லை. ‘புண்டஸ்லீகா’ என்றால் தேசிய லீக் என்று மட்டும்தான் பொருள், ஃபிஸ்ட்பாலுக்கும் உண்டு. வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவுகள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இரண்டு பிரிவிலும் முன்னிலையில் முடிக்கும் அணிகள் ஒரு வார இறுதியில் ஒரே இடத்தில் கூடி மோதும். அதில் ஜெயிப்பவர்தான் ஜெர்மன் சாம்பியன். மாதக்கணக்கில் லீக்கில் தோற்காமல் வந்த அணி, சனிக்கிழமை அரையிறுதியில் ஒரு மோசமான அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போவதும் நடக்கும்.

வருடத்தில் எத்தனை மாதம் ஆட்டம்?

ஏறக்குறைய முழு வருடமும். கோடையில் புல்தரை, குளிர்காலத்தில் உள்ளரங்கு. இரண்டுக்கும் தனித்தனி லீக், தனித்தனி பட்டம். அரங்கில் மைதானம் 40க்கு 20 மீட்டராகச் சுருங்கும், தரை கெட்டி, பந்து வேகமாக எகிறும், சுவரில் பட்டால் தவறு. புல்லில் பிரமாதமாக ஆடுபவர் அரங்கில் சுமாராக இருப்பதும் உண்டு, மாற்றியும் உண்டு. உலக சாம்பியன்ஷிப் நடப்பது புல்தரையில்தான்.

சம்பளம் எவ்வளவு?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். சம்பளம் கிடையாது. புண்டஸ்லீகாவில் ஆடினாலும், தேசிய அணியில் ஆடினாலும் இது அமெச்சூர் விளையாட்டு. மாணவர், ஆசிரியர், பொறியாளர் என்று ஆளுக்கொரு வேலை. வேலை முடிந்து மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம்.

பணத்தை விடப் பெரிய பிரச்சினை நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஜெர்மன் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் லீவு. பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். உலக சாம்பியன்ஷிப், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், பயிற்சி முகாம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் அடக்க வேண்டும். 2015இல் உலக சாம்பியன்ஷிப் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் நடந்தது. அவ்வளவு தூரம் போய் ஆடித் திரும்புவதற்குள் லீவில் பெரும்பகுதி காலி. வீட்டில் இருப்பவர்கள் அந்த வருடம் சுற்றுலாவை மறந்துவிட வேண்டியதுதான்.

தேசிய அணிக்கு எப்படித் தேர்வாகிறார்கள்?

இளையோர் பிரிவிலேயே மாநில அணிகள் உண்டு. மாநிலங்கள் தங்களுக்குள் மோதும் போட்டிகளில் தேர்வாளர்கள் கண் வைத்திருப்பார்கள். அங்கிருந்து 18 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி. அந்த வயதினருக்கும் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. 2018இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ராக்ஸ்பரி என்ற ஊரில் நடத்தினார்கள். அப்புறம் 21 வயதுக்குட்பட்டோர், அதற்குப் பிறகு வயது வரம்பு இல்லாத பிரதான தேசிய அணி.

கடைசிப் படிதான் கடினம். இளையோர் அணியில் நட்சத்திரமாக இருந்தவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திறமைக் குறைவு மட்டும் காரணம் அல்ல. பத்தொன்பது வயதில் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே நல்ல கிளப் இருக்காது. வெள்ளிக்கிழமை ரயிலேறி ஊருக்கு வந்து ஆடிவிட்டு ஞாயிறு இரவு திரும்பும் வாழ்க்கையை எத்தனை வருடம் தாங்க முடியும்? அதைத் தாங்குபவர்தான் கடைசியில் தேசியச் சட்டை போடுகிறார்.

ஜெர்மனிதான் எப்போதும் ஜெயிக்கிறதா?

இப்போதைய பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பை 2011 (ஆஸ்திரியா), 2015 (கோர்டோபா), 2019 (சுவிட்சர்லாந்தின் வின்டர்டூர்), 2023 (மன்ஹைம்) என்று தொடர்ந்து நான்கு முறை ஜெர்மனி வென்றிருக்கிறது. 1968இல் லின்ஸ் நகரில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பும் மேற்கு ஜெர்மனிக்குத்தான்.

ஆனால் நடுவில் ஒரு வறட்சி உண்டு. 1999இலும் 2003இலும் பிரேசில் ஜெயித்தது. 2007இல் சொந்த மண்ணில், ஓல்டன்பர்கில் நடந்தபோது கோப்பையை ஆஸ்திரியா கொண்டு போனது. பிரெட்டோர்ஃபும் ஆல்ஹோர்னும் இருக்கும் அதே வட்டாரம், ஃபிஸ்ட்பால் வெறி பிடித்த பூமி; அங்கே பக்கத்து நாடு கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தலைமுறை வீரர்களிடம் 2011 ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், பதில் 2007இலிருந்துதான் தொடங்கும்.

பிரேசிலுக்கு இந்த விளையாட்டு எப்படிப் போனது?

குடியேறியவர்களின் பெட்டியோடு. தெற்கு பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல், சாந்தா கதரினா மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் பெருமளவில் குடியேறினார்கள். போன இடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் கழகம் தொடங்கினார்கள், கழகத்தில் ஃபிஸ்ட்பால் வந்தது. போர்ட்டோ அலெக்ரேயின் சொஜிபா கிளப் அப்படிப் பிறந்ததுதான். கிளப் அளவிலான உலகப் போட்டிகளில் ஜெர்மன் அணிகளுக்கே சிம்ம சொப்பனமாக இருந்திருக்கிறது. சிலியிலும் இதே கதை. நமீபியாவில் ஆடுவதற்குக் காரணம் வேறு: முதல் உலகப் போர்க் காலம் வரை அது ஜெர்மன் காலனி.

பெயர் சொல்லத் தக்க வீரர் யார்?

சமீப காலத்தில் முதலில் வரும் பெயர் பாட்ரிக் தோமஸ். டிஎஸ்வி ஃபுங்ஷ்டாட்டின் அடிப்பவர். போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் 2017இல் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் (ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான ‘வேர்ல்ட் கேம்ஸ்’) தங்கம் வென்ற அணியிலும், 2019 வின்டர்டூர் அணியிலும் இருந்தார். ஃபுங்ஷ்டாட் கிளப் அந்தப் பத்தாண்டில் உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் பட்டங்களை அள்ளியது. அதில் அவர் கைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே காலத்தில் தேசிய அணிக் கேப்டன் ஃபாபியான் சாக்ஸ்டெட்டர். பவேரியாவின் ஷ்வைன்ஃபுர்ட் பக்கத்துக் கிளப்பில் ஆடியவர். பயிற்சியாளர் ஓலாஃப் நோயன்ஃபெல்ட்.

எனக்கு ஒரு குறை: பட்டியலில் எப்போதும் அடிப்பவர்கள் பெயர்தான் முன்னால் நிற்கிறது. வயிற்றால் சறுக்கி எடுத்தவரின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பெண்கள் ஆட்டம்?

ஆண்களுக்கு 1968இல் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப், பெண்களுக்கு 1994இல்தான் வந்தது. உலக விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் 1985 முதல் ஆடுகிறார்கள். பெண்கள் களமிறங்க 2022 பர்மிங்ஹாம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம். அங்கே ஜெர்மன் ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் தங்கம் எடுத்தன. அதற்கு முன்பே டிரெஸ்டன் 2014, குரிசிபா 2016, லின்ஸ் 2018, கிரீஸ்கிர்ஷன் 2021 என்று நான்கு உலகப் பட்டங்களை ஜெர்மன் பெண்கள் வரிசையாக வாங்கியிருந்தார்கள். ஆண்களை விடக் குறைந்த ஆண்டுகளில் அதே எண்ணிக்கை.

ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

உண்மையான போட்டி ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரேசில் என்ற நான்கு நாடுகளுக்குள் சுற்றுகிறது. உலகப் பரப்பு போதாது. அதனால் உலக விளையாட்டுப் போட்டிதான் இவர்களுக்கு ஒலிம்பிக். ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்காக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஒலிம்பிக் இல்லை என்றால் டிவி இல்லை, டிவி இல்லை என்றால் ஸ்பான்சர் இல்லை. மேலே சம்பளக் கேள்விக்குச் சொன்ன பதிலின் வேர் இதுதான்.

காயம் அதிகமா?

எதிராளியோடு மோதும் ஆட்டம் இல்லை, நடுவில் நாடா இருக்கிறது. ஆனால் அடிப்பவருக்குத் தோள், தடுப்பாளருக்கு முழங்காலும் இடுப்பும் தேயும். அரங்கில் சறுக்கினால் தோல் உரியும்.

எந்த வயதில் ஓய்வு பெறுகிறார்கள்?

தேசிய அணியிலிருந்து என்றால், பெரும்பாலும் முப்பதுகளில். குழந்தை, வேலை, தோள்வலி மூன்றில் ஏதாவது ஒன்று முடிவு செய்துவிடும். ஆனால் விளையாட்டிலிருந்து ஓய்வு என்பது வேறு விஷயம். ஆண்களுக்கு 35க்கு மேல், 45க்கு மேல், 55க்கு மேல், 60க்கு மேல் என்று ஜெர்மன் சாம்பியன்ஷிப் தொடர்கிறது. பெண்களுக்கு 30லிருந்தே மூத்தோர் பிரிவு. இருபது வருடம் முன்பு இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு பேர், நரைத்த தலையோடு மறுபடியும் அதே நாடாவுக்கு இரு பக்கமும் நிற்பார்கள். பழைய பாக்கி தீராமல் இருக்கும்.

அதுவும் வேண்டாம் என்பவர் விசிலை எடுத்துக்கொண்டு நடுவராகிறார், அல்லது செவ்வாய்க்கிழமை மாலை பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முஷ்டியை எப்படி மடக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

நேரில் பார்க்க டிக்கெட் எங்கே கிடைக்கும்?

உலக சாம்பியன்ஷிப் மாதிரி பெரிய போட்டிகளுக்கு முன்பதிவு வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்க இணைய நேரலை உண்டு. லீக் ஆட்டம் என்றால் நேராக மைதானத்துக்குப் போய்விடலாம். சிற்றூர்களில் சில யூரோ வாங்குவார்கள், பல இடத்தில் அதுவும் இல்லை. கம்பிவேலிப் பக்கம் கிளப்பைச் சேர்ந்தவர்கள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த கேக்கை ஒரு மேசையில் வைத்து விற்பார்கள், பக்கத்தில் அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருக்கும். கேக் வேண்டுமென்றால் முதல் ஆட்டத்துக்கே போய்விடுங்கள்.